படுத்தால் போய்விடும் தலைவலி: மூளை ஸ்கேன் நார்மல் என்றால் கசிவு இல்லையா?

கேள்வி, தாராபுரம் பக்கமிருந்து ஒரு வாசகர், மார்ச் 3

என் மனைவிக்கு 38 வயசு. எழுந்து நின்றால் கால் மணி நேரத்தில் பின்மண்டையில் வலி பிடித்துக்கொள்கிறது, படுத்தால் போய்விடுகிறது. கோவையில் ஒரு டாக்டர், முதுகுத்தண்டில் எங்கோ மூளை நீர் கசிந்து அழுத்தம் குறைந்திருக்கலாம் என்கிறார். ஆனால் போன மாதம் எடுத்த மூளை எம்ஆர்ஐ நார்மல். நார்மல் என்றால் கசிவு இல்லை என்றுதானே அர்த்தம்? திரும்பவும் ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார். காசுக்குத்தான் எழுதுகிறாரோ என்று வீட்டில் பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

அப்படி அர்த்தம் இல்லைங்க. முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து மேல்வரியைப் பாருங்கள். பிளெய்ன் என்று போட்டிருக்கிறதா, கான்ட்ராஸ்ட் என்று போட்டிருக்கிறதா? கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். மருந்து ஏற்றாமல் எடுத்த படம் என்றால், இந்த நோயைக் காட்டுகிற முக்கியமான அடையாளம் ஒன்று அதில் தெரியவே தெரியாது.

நான் ஈரோட்டில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். படம் எடுப்பது என் வேலை, படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

மார்ச் 3, படுக்கப் போகும் முன்

இன்னொன்று. போன மாதம் டாக்டர் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருந்தது? வெறும் "தலைவலி" என்றா? நின்றால் வலிக்கிறது, படுத்தால் போகிறது என்ற வரி அதில் இருந்ததா? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எங்களிடம் நாள் முழுக்கத் தலைவலிச் சீட்டுகள் வருகின்றன. அதில் முக்கால்வாசி கட்டி இருக்கிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். அந்தக் கேள்வியோடு படிக்கிற கண்ணுக்கு, மூளை நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருப்பது சுலபமாகத் தப்பிவிடும்.

மார்ச் 4, காலை

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

கோபி பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு இதே நோய் வந்தது. பட்டுப்புழு வளர்க்கிறார்கள். ஒருநாள் காலையில் மல்பெரி தழைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தவருக்குக் கழுத்துக்குப் பின்னால் சுரீர் என்றிருக்கிறது. அன்று சாயங்காலத்திலிருந்து தலைவலி. தட்டில் இருக்கும் புழுவுக்குத் தழை போட நின்றுகொண்டே ஆகவேண்டும். நின்றால் வலி. கொட்டகைக்குள்ளேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஒரு வரிசைக்குத் தழை போடுவது, போய்ப் படுப்பது, மறுபடி எழுந்து அடுத்த வரிசை என்று ஒப்பேற்றியிருக்கிறார்.

முதலில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை. அப்புறம் கண்ணாடி மாற்றினார்கள். அப்புறம் சைனஸ். காது அடைத்தாற்போல இருக்கிறது, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல எல்லாம் மந்தமாகக் கேட்கிறது என்று சொன்னபோது காதுக்குச் சொட்டு மருந்து. ஊரில் ஒரு பாட்டி கண்ணேறு கழித்தார். ஒரு மையத்தில் பிளெய்ன் ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது. அதோடு வீட்டில் பேச்சு மாறிவிட்டது. வேலைக்குச் சோம்பல்பட்டுப் படுத்துக்கொள்கிறாள் என்று ஜாடைமாடையாகப் பேசினார்கள். அக்காவை அது வலியைவிட மோசமாகச் சுட்டது. தம்பியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நோம்பிக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன். எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் தலையணை இல்லாமல் தரையில் மட்டமாகப் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "படுத்தா ஒண்ணுமே இல்ல தம்பி. எந்திரிச்சா மண்டையக் கீழ புடிச்சு இழுக்கறாப்புல இருக்குது" என்றார்.

கோவையில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். உள்ளே போனதும் "கொஞ்ச நேரம் படுங்கம்மா" என்றார். பத்து நிமிஷம் கழித்து "இப்ப எப்படி?" என்று கேட்டார். சரியாயிருச்சுங்க என்றார் அக்கா. சீட்டில் நின்றால் கூடும் தலைவலி, அழுத்தக் குறைவா பார்க்கவும், கான்ட்ராஸ்டுடன் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால்தான் அடுத்த படம் வேறு படமானது.

மார்ச் 4, மதியச் சாப்பாட்டு நேரம்

எங்கள் மையத்திலேயே அக்காவுக்குப் படம் எடுத்தோம். எம்ஆர்ஐ குழாய்க்குள் போகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவார்கள். மூச்சு முட்டுகிறது என்பார்கள், சத்தம் தாங்கவில்லை என்பார்கள். அக்கா வெளியே வந்ததும் "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே உட்டிருக்கலாமே, நிம்மதியா இருந்துது" என்று சிரித்தார். அசையாமல் மட்டமாகப் படுக்க வைத்ததில் வலி விட்டுப்போயிருக்கிறது.

நியாயமாக ஒரு சந்தேகம் வரும். படுக்க வைத்துத்தானே படம் எடுக்கிறோம், வலி போனபிறகு அடையாளம் எப்படி மிஞ்சும்? நாள்கணக்கில் நீர் குறைந்திருந்ததால் மூளையை மூடியிருக்கும் உறையும் ரத்தக்குழாய்களும் மாறிப்போயிருக்கும். அரைமணி நேரம் படுத்தால் அந்த மாற்றம் திரும்பிவிடாது.

மார்ச் 5

மூளைக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டவருக்கு.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் நீர் பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஒரு நாளில் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும், பழையது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மூளையின் எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. நீரில் மிதப்பதால் உள்ளே அது ஐம்பது கிராம் அளவுக்குத்தான் கனக்கும். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வரும், தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கையை இழுக்கும் பாருங்கள், அதே கதைதான். நீர் குறைந்தால் மூளை தன் சொந்த எடையோடு கீழே அழுந்துகிறது. நிற்கும்போது வலி வருவதற்கு இது ஒரு காரணம்.

மண்டையோடு விரியாது, சுருங்காது. அதற்குள் மூளை, ரத்தம், நீர் மூன்றும்தான். ஒன்று குறைந்தால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். இதை 1783-இல் மன்ரோ என்ற டாக்டரும் 1824-இல் கெல்லி என்ற டாக்டரும் சொல்லி வைத்தார்கள், இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான் படிக்கிறோம். நீர் குறைந்தால் அந்த இடத்தை ரத்தம் நிரப்பும். சிரைக்குழாய்கள் உப்பும், மூளையின் வெளியுறையில் ரத்தம் தேங்கும். எங்கள் படத்தில் தெரிவது இந்த ஈடுகட்டல்தான். அழுத்தம் இவ்வளவு என்று எம்ஆர்ஐ அளந்து சொல்லாது.

மார்ச் 5, இரவு

படத்தில் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

மருந்து ஏற்றியதும் மூளையின் வெளியுறை, அதாவது டியூரா, மண்டையைச் சுற்றி ஒரே சீராக, விட்டுப்போகாமல் வெள்ளையாகத் தெரியும். அக்காவின் படத்தில் அது கணினித் திரையில் விழுந்த கணமே எனக்கு நெஞ்சு படபடத்தது. இருபுறமும் ஒரே தடிமன், எங்கேயும் கட்டி முட்டி இல்லை. மூளை மடிப்புக்குள் இறங்கும் உள்ளுறைகள் வெளுக்கவில்லை. வெளுத்திருந்தால் மூளைக்காய்ச்சல் பக்கம் யோசிப்பார்கள்.

அடுத்தது சிரைக்குழாய். பக்கவாட்டுப் படத்தில் பெரிய சிரையின் கீழ்விளிம்பு சாதாரணமாக உள்வாங்கியோ நேராகவோ இருக்கும். இதில் வெளியே பிதுங்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புடைத்து நிற்கும். அதைக் கட்டி என்று நினைத்து வேறு வழியில் போனவர்களும் உண்டு. மூளைக்கும் உறைக்கும் நடுவில் மெல்லிசாக நீர் கோத்திருக்கலாம், நாளானால் அதில் ரத்தமும் சேரலாம்.

கடைசியாக மூளை இறங்கியிருப்பது. நடுவாக வெட்டிய பக்கவாட்டுப் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர்கள் 2019-இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். டியூரா வெளுப்பு, சிரை உப்பல், பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் நீர் இடைவெளி 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருப்பது, இவை ஒவ்வொன்றுக்கும் 2. உறைக்கடியில் நீர் கோப்பது, மூளைத்தண்டுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டருக்குள் சுருங்குவது, மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் மாமில்லரி முடிச்சுக்கும் மூளைத்தண்டுக்கும் உள்ள தூரம் 6.5 மில்லிமீட்டருக்குள் வருவது, இவற்றுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 9. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் முதுகில் கசிவு கண்ணுக்குப் படும் வாய்ப்பு அதிகம். மூன்று, நாலு நடுத்தரம். இரண்டோ அதற்குக் கீழோ என்றால் குறைவு.

கணக்கில் டியூரா வெளுப்புக்கே 2 மதிப்பெண். மருந்து ஏற்றாமல் எடுத்தால் அந்த இரண்டும் கைக்கு வராது.

மார்ச் 6, காலை

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. பிளெய்ன் படமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளை இறக்கம், பிட்யூட்டரிப் புடைப்பு, சிரைப் பிதுக்கம், உறைக்கடியில் நீர், இவையெல்லாம் மருந்து இல்லாமலேயே தெரியலாம். தாராபுரத்துக்காரரே, பழைய படம் பதிந்த சிடி வட்டைக் கொண்டுபோய், இந்தச் சந்தேகத்தைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஃபிலிமை மட்டும் கொண்டுபோனால் போதாது. அதில் பொடிப்பொடியாகத்தான் இருக்கும், அளக்க முடியாது.

மார்ச் 6, மாலை

கான்ட்ராஸ்ட் ஊசி என்றால் கிட்னி போய்விடும் என்று பல்லடத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எம்ஆர்ஐக்குப் போடுவது கடோலினியம் சேர்ந்த மருந்து. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு. கிட்னி மிக மோசமாகப் பழுதானவர்களுக்கு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு யோசித்துத்தான் போடுவோம். அதற்காகத்தான் சர்க்கரை உள்ளவர்களிடமும் வயசானவர்களிடமும் முன்கூட்டியே கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) கேட்கிறோம். கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்போம். முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிட்னி நன்றாக இருக்கும் 38 வயசுக்காரருக்கு இந்த ஊசியைக் கண்டு பயந்து படத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

மார்ச் 7

இது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கான்ட்ராஸ்டோடு எடுத்தும் மூளைப் படம் நார்மலாக வருவது உண்டு. கசிவு இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி வருகிறது. நோய் பழசாகப் பழசாக டியூரா வெளுப்பு மங்கிவிடுவதும் உண்டு. மாதக்கணக்கில் வலியோடு இருப்பவருக்கு நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி ஒன்றுமில்லை என்று அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்படியானால் முதுகில் ஊசி குத்தி அழுத்தத்தை அளந்துவிடலாமே என்று கேட்கலாம். 60 மில்லிமீட்டர் நீர் அளவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இருக்கிறது. ஆனால் கசிவு உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கு அழுத்தம் அந்தக் கோட்டுக்கு மேலே, சாதாரணமாகவே இருக்கிறது. குறைந்திருந்தால் சரி. குறையாததால் நோய் இல்லை என்று ஆகாது.

ஆக வலி வரும் விதம்தான் எனக்கு முதல் சாட்சி. அதற்குப் பிறகுதான் எங்கள் படம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாள்பட்டால் நின்றால்–படுத்தால் வித்தியாசம் மழுங்கிப்போய், மதியத்துக்கு மேல் வரும் வெறும் தலைவலியாக மாறிவிடுகிறது. அதனால் இன்று எப்படி இருக்கிறது என்பதோடு, ஆரம்பித்த முதல் வாரத்தில் எப்படி இருந்தது என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மார்ச் 8

திருப்பூரிலிருந்து எழுதியவரின் மாமனாருக்கு மண்டைக்குள் இரண்டு பக்கமும் ரத்தம் கோத்து, ஓட்டை போட்டு எடுத்தார்களாம், மறுபடி கோத்துவிட்டதாம். அடியே படவில்லை என்கிறார். வயசானவர்களுக்கு வேறு காரணத்தாலும் இது வரும், எனவே இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபடாமல் இருபுறமும் கோத்தால், கீழே முதுகில் கசிவு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. கசிவு அப்படியே இருந்தால் மேலே எடுப்பது மறுபடி மறுபடி சேரும்.

இன்னொருவர் தன் மகளுக்குச் சிறுமூளை கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது, கியாரி என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்கிறார். பிறவியிலேயே அப்படி இருப்பது வேறு. நீர் குறைந்து மூளை மொத்தமாக இறங்கும்போது சிறுமூளையும் இறங்கும், படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். தயவுசெய்து ஆபரேஷனுக்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மூளைத்தண்டு தட்டையாகியிருக்கிறதா? கான்ட்ராஸ்ட் எடுத்தாயிற்றா?

மார்ச் 8, இரவு

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டபிறகு தலைவலி வந்த கதைகள் குவிந்துவிட்டன. ஆமாம், இந்த நோயின் நெருங்கிய உறவு அது. ஊசி குத்திய சின்னத் துளை வழியாக நீர் கசிவதுதான். 1898-இல் முதுகு ஊசி மயக்கத்தைக் கொண்டுவந்த ஜெர்மானிய டாக்டர் ஆகஸ்ட் பியர் தன்மேலேயே சோதித்துப் பார்த்தபோது அவருக்கும் இந்தத் தலைவலி வந்தது, எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். காரணம் கண்முன்னே இருப்பதால் பலருக்கு ஸ்கேனே தேவைப்படாது. ஆனால் படுத்தாலும் விடாத வலி, வலிப்பு, பார்வை மங்கல், கை கால் இழுப்பு வந்தால் உடனே ஓடவேண்டும். பிரசவித்தவர்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு, அதுவும் தலைவலியாகத்தான் தொடங்கும்.

காபி குடித்தால் கொஞ்சம் தேவலை என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். காஃபீன் சிலருக்குத் தற்காலிகமாகக் கேட்கும், மருத்துவமனையிலும் கொடுப்பதுண்டு. அக்கா வீட்டில் அந்த மாதம் டிகாக்‌ஷன் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்ததாம், மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மார்ச் 10

மூளையில் அடையாளம் தெரிந்தாயிற்று, ஓட்டை எங்கே? அது அநேகமாக முதுகில் இருக்கும். தண்டுவட உறையை எலும்பு முள்ளோ சுண்ணாம்பேறிய தட்டோ குத்திக் கிழிப்பது ஒரு வகை. நரம்பு வெளிவரும் இடத்தில் உறை பை மாதிரி புடைத்துக் கசிவது இன்னொன்று. மூன்றாவது, நீர் நேராகப் பக்கத்துச் சிரைக்குள்ளேயே போய்விடுவது. இந்த மூன்றாவதை 2014-இல்தான் முதன்முதலாக விவரித்தார்கள். வெளியே நீர் தேங்காததால் முதுகு எம்ஆர்ஐயில் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மைலோகிராம், அதாவது முதுகு நீருக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம், எடுத்தால்தான் பிடிபடும், அதுவும் பழகின கை வேண்டும். எல்லா ஊரிலும் செய்வதில்லை, எங்கே செய்கிறார்கள் என்று உங்கள் நரம்பு டாக்டரிடமே கேளுங்கள்.

அக்காவுக்கு முதுகு எம்ஆர்ஐயில் உறைக்கு வெளியே நீளமாக நீர் தெரிந்தது. ரத்தப் பேட்ச் போட்டார்கள். கையிலிருந்து சொந்த ரத்தத்தை எடுத்து, தண்டுவட உறைக்கு வெளியே ஊசி மூலம் செலுத்துவது. 1960-இல் கோர்ம்லி என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறை. முதல் தடவை பாதி கேட்டது, அடுத்த தடவைதான் நின்றது. பட்டுக்கூட்டை மார்க்கெட்டுக்கு இப்போது அவரே கொண்டுபோகிறார், தழைக்கட்டை மட்டும் தூக்க விடுவதில்லை.

கழுத்தில் சுளுக்கு எடுத்தால் சரியாகும் என்று எழுதியவருக்கு: வேண்டாம். கழுத்தைத் திருகி நெட்டி எடுத்தபிறகு இந்தக் கசிவு தொடங்கியவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். நின்றால் வலி, படுத்தால் இல்லை என்கிற தலையில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

மார்ச் 15

தாராபுரத்துக்காரர் பதில் போட்டிருக்கிறார். பழைய படம் பிளெய்ன்தானாம், சீட்டில் தலைவலி என்ற ஒரே சொல். கான்ட்ராஸ்டோடு மறுபடி எடுத்ததில் டியூரா சுற்றிலும் வெளுத்திருக்கிறது, பிட்யூட்டரி புடைப்பு, அதற்கு மேலே இருக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட். "காசுக்கு எழுதினாருன்னு பேசினவங்க எல்லாம் இப்ப வாயைத் திறக்கறதில்லைங்க" என்கிறார். உங்கள் மனைவியின் வலி மெய்யென்று வீட்டுக்குத் தெரிந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. அடுத்த வாரம் பேட்ச்.

அதற்கு முன் இரண்டு விஷயம். பேட்சுக்குப் பிறகு சில வாரம் குனிந்து குடம் தூக்குவது, மாட்டுக்குத் தீவனக்கட்டு சுமப்பது எதுவும் கூடாது, மலச்சிக்கலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி திசைமாறி நெற்றிப் பக்கம் வந்து, படுத்தால் அதிகமாகி, வாந்தியோ பார்வை மங்கலோ வந்தால், பேட்ச் தோற்றுவிட்டது என்று நினைத்து இன்னொன்று போடச் சொல்லாதீர்கள். கசிவு அடைபட்டபின் அழுத்தம் கூடிப்போவதாலும் அப்படி வரும், அதற்கு மருந்து வேறு. எந்த நிலையில் வலி, எந்தப் பக்கம் வலி என்று அன்றே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.